புரோபயாடிக் பாக்டீரியா குடலில் குடியேறுமா? ஜீனோமை வைத்து எவ்வளவு தூரம் சொல்லலாம்

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒரு லாக்டோபாசில்லஸ் ஸ்ட்ரெய்னை (ஒரே இனத்துக்குள் ஒரு தனி வகை) பிரித்தெடுத்து, அதன் ஜீனோமை (முழு டிஎன்ஏ தொகுப்பு) சீக்வென்ஸ் செய்து வைத்திருக்கிறீர்கள். குடலுக்குள் அது எதைத் தின்னும், எதை வெளியேற்றும், அங்கே குடியேறுமா என்பதையெல்லாம் உயிர்த்தகவலியலை வைத்தே சொல்ல முடியுமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

எதைத் தின்னும், எதை வெளியேற்றும் என்பதைப் பெருமளவு சொல்லலாம். குடியேறுமா என்பதை அந்த ஒரு ஜீனோமை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. வருகிற பாக்டீரியாவுக்கு என்ன திறமை இருக்கிறது என்பது பாதிக் கதை. ஏற்கெனவே குடலில் இருப்பவை அதற்கு இடம் விட்டு வைத்திருக்கின்றனவா என்பது மீதிப் பாதி. ஆய்வேடுகளில் பெரும்பாலானவை முதல் பாதியை எழுதிவிட்டு, இரண்டாவதையும் நிரூபித்துவிட்டதாக முடிவுரை எழுதுகின்றன. வீட்டில் ஏணி இருக்கிறது என்பதற்காக யாரோ கூரையில் ஏறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, இல்லையா?

முதலில் பெயரைச் சரிபாருங்கள். 2020-இல் லாக்டோபாசில்லஸ் என்ற ஒரே பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பழைய லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபாசில்லஸ் ராம்னோசஸ். பிளான்டாரம் இப்போது லாக்டிபிளான்டிபாசில்லஸ் பிளான்டாரம். பழைய கட்டுரைகளைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும். உங்கள் ஸ்ட்ரெய்ன் எந்த இனம் என்பதை, இனம் காண வழக்கமாகப் பயன்படுத்தும் 16எஸ் மரபணுவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நெருங்கிய இனங்களில் அது கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். முழு ஜீனோமையும் அந்த இனத்தின் டைப் ஸ்ட்ரெய்னோடு (இனத்துக்கு அடையாளமாக வைத்திருக்கும் மாதிரி) ஒப்பிட்டு, சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாஸ்ட்ஏஎன்ஐ என்ற மென்பொருள் இதைச் சில நொடிகளில் செய்துவிடும்.

அதற்கும் முன்னால் அசெம்ப்ளி (துண்டு துண்டாகப் படித்த டிஎன்ஏவை ஒட்டிச் சேர்த்தது) சுத்தமா என்று பாருங்கள். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மூன்று மெகாபேஸ் (முப்பது லட்சம் டிஎன்ஏ எழுத்து) வர வேண்டிய ஒரு ஜீனோம் 5.6 மெகாபேஸ் வந்தது. கூடுதல் மரபணுக்களைப் பார்த்து, ஏதோ அபூர்வ ஸ்ட்ரெய்ன் கிடைத்துவிட்டது என்று இரண்டு வாரம் மகிழ்ச்சியாகத் திரிந்தேன். அப்புறம் காண்டிக்குகளின் (ஒட்டிச் சேர்ந்த நீளத் துண்டுகள்) ஜிசி சதவீதத்தை, அதாவது ஜி, சி எழுத்துகளின் பங்கை, வரைபடமாகப் போட்டபோது இரண்டு தனித்தனிக் கும்பல்கள் தெரிந்தன: ஒன்று 47-க்குப் பக்கத்தில், மற்றொன்று 33-இல். இரண்டாவது ஒரு ஸ்டஃபைலோகாக்கஸ். தட்டிலிருந்து காலனியை எடுத்தபோதே கூட வந்திருக்கிறது. கலப்படத்தைக் காட்டும் செக்எம் போன்ற கருவியை முதல் நாளே ஓட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இன்னொன்று: முடிந்தால், டிஎன்ஏவை நீளமான துண்டுகளாகப் படிக்கும் லாங் ரீட் சீக்வென்ஸிங்கும் சேர்த்துச் செய்யுங்கள். சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்களின் மரபணுக்கள் மிக நீளமானவை, ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். ஷார்ட் ரீட் மட்டும் இருந்தால் அசெம்ப்ளி சரியாக அந்த இடத்தில்தான் உடையும். உங்களுக்கு அதிகம் தேவைப்படுகிற மரபணுவே அரைகுறையாக வந்து, “இந்த ஸ்ட்ரெய்னில் இல்லை” என்று எழுதிவிடுவீர்கள்.

சரி, வளர்சிதை மாற்றத்துக்கு வருவோம். குடல் பாக்டீரியாவைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. எளிய சர்க்கரைகள் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலுக்கு வந்து சேர்வது நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தும், குடலே சுரக்கும் சளியின் சர்க்கரைச் சங்கிலிகளும்தான். ஆகவே டிபிகேன் போன்ற கருவியை ஓட்டி, சர்க்கரை நொதிகளை வகைப்படுத்தும் கேசி தரவுத்தளத்தின் எந்தெந்த நொதிக் குடும்பங்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுப்பார்கள். பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த மரபணுக்கள் ஜீனோமில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நொதிக்குப் பக்கத்தில் சர்க்கரையை உள்ளே இழுக்கும் டிரான்ஸ்போர்ட்டரும், இரண்டையும் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் ஒரே வரிசையில் இருந்தால், அது ஒரு வேலை செய்யும் அலகு. தனியாகக் கிடக்கும் நொதிக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ். தாய்ப்பாலில் லிட்டருக்குச் சுமார் 5 முதல் 15 கிராம் வரை ஒலிகோசாக்கரைடுகள் (குட்டைச் சர்க்கரைச் சங்கிலிகள்) உண்டு. குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. 2008-இல் ஏடிசிசி 15697 என்ற இன்ஃபான்டிஸ் ஸ்ட்ரெய்னின் ஜீனோம் வெளியானபோது, அதில் 43 கிலோபேஸ் நீளத்துக்கு ஒரே கொத்தாக, இந்தச் சர்க்கரைகளைக் கையாளத் தேவையான மரபணுக்கள் இருந்தன: ஃபியூகோஸை வெட்டுபவை, சியாலிக் அமிலத்தை வெட்டுவது, கூடவே சர்க்கரையைப் பிடித்து உள்ளே கொடுக்கும் பைண்டிங் புரதங்கள் பல. அந்த வரிசையைப் பார்த்தாலே அதன் குணம் புரிகிறது. ஒலிகோசாக்கரைடை முழுசாக உள்ளே இழுத்து, கதவைச் சாத்திக்கொண்டு தின்னும் ரகம். இதன் உறவான பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடம் நேர் எதிர். நொதியைச் செல்லுக்கு வெளியே வைத்து வெட்டும், சிதறுவதை அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே குடும்பத்து நொதிகள் இருக்கலாம், பட்டியலில் ஒரே மாதிரி தெரியும். நொதி செல்லுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை, புரதத்தை வெளியே அனுப்பும் அடையாளமான சிக்னல் பெப்டைடு, செல்சுவரில் நங்கூரமிடும் எல்பிஎக்ஸ்டிஜி வரிசை ஆகியவற்றை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

பிஃபிடோபாக்டீரியாவின் சர்க்கரைப் பாதையும் தனி. இரண்டு குளுக்கோஸிலிருந்து மூன்று அசிடேட்டும் இரண்டு லாக்டேட்டும் வரும். ஒரு குளுக்கோஸுக்கு 2.5 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) கிடைக்கும். பின்னால் சொல்லப்போகிற கணினி மாடலில் உங்கள் கணக்கீடு அசிடேட்டுக்கும் லாக்டேட்டுக்கும் 3-க்கு 2 என்ற விகிதத்திலிருந்து விலகினால், உடனே மாடல் தவறு என்று தூக்கிப்போட வேண்டியதில்லை. சர்க்கரை பற்றாக்குறையில் அவை ஃபார்மேட், எத்தனால் பக்கம் திரும்புவதுண்டு. எந்தச் சூழலைக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.

அனோடேஷனில் (எந்த மரபணு என்ன வேலை செய்யும் என்று பெயரிடுவது) ஒரு பள்ளம் இருக்கிறது, அநேகமாக எல்லோரும் ஒரு தடவை விழுவார்கள். பித்த உப்பு. கல்லீரல் பித்த அமிலத்தோடு கிளைசினையோ டாரினையோ ஒட்டி அனுப்புகிறது. அந்த ஒட்டை வெட்டும் நொதி புரோபயாடிக்கில் இருந்தால் பித்தத்தைச் சமாளிக்கும் திறன் இருக்கிறது என்று சொல்வார்கள். ப்ரோக்கா, பக்டா என்று எந்தப் பெயரிடும் கருவியை ஓட்டினாலும் “கோலாயில்கிளைசின் ஹைட்ரோலேஸ்” என்று இரண்டு மூன்று மரபணுக்கள் வந்து நிற்கும். உடனே “இந்த ஸ்ட்ரெய்னில் மூன்று பித்த உப்பு நொதிகள்” என்று எழுதிவிடுவோம். இந்த நொதியும் பென்சிலினை வெட்டும் வேறொரு நொதியும் ஒரே குடும்பம், ஒரே வடிவம். இரண்டுக்கும் வெட்டும் வேலையைச் செய்வது முதலில் நிற்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம்தான். ஆகவே சிஸ்டீன் இருக்கிறது என்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிளான்டாரம் டபிள்யூசிஎஃப்எஸ்1 என்ற ஸ்ட்ரெய்னின் ஜீனோம் 2003-இல் வந்தபோது அதில் இப்படி நான்கு மரபணுக்களுக்கு பித்த உப்பு நொதி என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்த 2008 ஆய்வில், பித்த உப்பை உருப்படியாக வெட்டியது முதலாவது மட்டும்தான். மற்ற மூன்றும் பென்சிலின் ஏசிலேஸ் பக்கம் சாய்ந்தவை.

இதை எப்படித் தவிர்ப்பது? ஆய்வகத்தில் சோதித்து உறுதி செய்யப்பட்ட இரு வகை நொதிகளின் வரிசைகளையும் எடுத்து, உங்களுடையதையும் சேர்த்து ஒரு மரம் வரையுங்கள். எந்தக் கிளையில் போய் உட்காருகிறது என்று பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு தட்டு: எம்ஆர்எஸ் அகாரில் (லாக்டோபாசில்லஸ் வளர்க்கும் வழக்கமான ஊடகம்) டாரோடிஆக்ஸிகோலிக் அமிலம் என்ற பித்த உப்பைக் கலந்து வளர்த்தால், வெட்டும் ஸ்ட்ரெய்னைச் சுற்றி வெள்ளைப் படிவு வரும். கணினியில் ஒரு மாதம் விவாதிப்பதை அந்தத் தட்டு மூன்று நாளில் முடித்துவிடும்.

அடுத்தது ஜீனோம் அளவிலான வளர்சிதை மாற்ற மாடல். ஜீனோமில் உள்ள நொதிகளையெல்லாம் வேதிவினைகளாக மாற்றி, பெரிய சமன்பாட்டுத் தொகுப்பாக்கி, “உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருக்க வேண்டும், வளர்ச்சி அதிகபட்சமாக இருக்க வேண்டும்” என்று கணக்குப் போடுவது. கார்வ்மீ, கேப்சீக் இரண்டும் ஜீனோமைக் கொடுத்தால் மாடலைத் தந்துவிடும்; கோப்ராபை என்ற மென்பொருளை வைத்து ஓட்டலாம். சுலபம்தான். சுலபமாக இருப்பதுதான் பிரச்சினையும்கூட.

எனக்கு வந்த முதல் மாடல் ஒரு அமினோ அமிலம்கூட இல்லாத ஊடகத்தில் ஜம்மென்று வளர்ந்தது. லாக்டோபாசில்லஸ் வகையறாக்கள் பல அமினோ அமிலங்களைத் தாமாகத் தயாரிக்கத் தெரியாதவை. எப்படி வளர்ந்தது? மாடலில் விடுபட்ட வினைகளைச் சேர்த்து இடைவெளி நிரப்பும் கட்டத்தில் நான் மிகக் குறைந்த ஊடகத்தைக் கொடுத்திருந்தேன். “இதில் வளர வேண்டும்” என்று கட்டளை போட்டால், மென்பொருள் இல்லாத பாதையையெல்லாம் சேர்த்து வளர வைத்துவிடும். அது பொய் சொல்லவில்லை, கேட்டதைக் கொடுத்தது. உங்கள் ஸ்ட்ரெய்ன் நிஜமாகவே வளரும், கலவை முழுவதும் தெரிந்த ஊடகத்தைக் கொடுத்து நிரப்புங்கள். எம்ஆர்எஸ் இதற்கு உதவாது, அதில் ஈஸ்ட் சாறும் பெப்டோனும் இருப்பதால் உள்ளே சரியாக என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிறகு அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக விலக்கி ஆய்வகத்திலும் மாடலிலும் வளர்ச்சியைப் பார்த்து, இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று அட்டவணை போடுங்கள். அந்த முரண்பாடுகள்தான் ஆய்வேட்டின் சுவாரசியமான பக்கம். இன்னொரு சின்னச் சோதனை: எல்லா உணவு வாசல்களையும் மூடிவிட்டு ஏடிபி தயாரிக்கச் சொல்லுங்கள். பூஜ்யம் வர வேண்டும். வேறு எண் வந்தால் மாடலுக்குள் எங்கோ இலவச மின்சாரம் ஓடுகிறது.

எல்லாம் சரியாக இருந்தாலும் கணக்கு ஏமாற்றும். டபிள்யூசிஎஃப்எஸ்1 பிளான்டாரத்துக்கு 2006-இல் கைப்பட, கவனமாகக் கட்டிய மாடல் வந்தது. வளர்ச்சியை உச்சமாக்கச் சொன்னால் அது லாக்டேட்டே தயாரிக்கவில்லை. அசிடேட், எத்தனால், ஃபார்மேட் என்றது. லாக்டிக் அமில பாக்டீரியா லாக்டிக் அமிலம் தயாரிக்காது என்று சொல்கிற மாடல்! காரணம் நியாயமானதுதான்: கலப்புப் பாதையில் ஒரு குளுக்கோஸுக்கு 3 ஏடிபி, லாக்டேட் பாதையில் 2. கணக்கு சிக்கனத்தைத் தேர்ந்தெடுத்தது. நிஜ பாக்டீரியாவோ சர்க்கரை நிறைய இருக்கும்போது சிக்கனத்தைப் பார்ப்பதில்லை, வேகத்தைப் பார்க்கிறது. எனவே சர்க்கரை எவ்வளவு உள்ளே போனது, அமிலம் எவ்வளவு வெளியே வந்தது என்று எச்பிஎல்சியில் (கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) அளந்த எண்களைக் கட்டுப்பாடாகக் கொடுக்காமல் வெளியிடும் மாடல் முடிவை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

குடலின் மற்ற பாக்டீரியாக்களோடு சேர்த்து ஓட்ட வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் நீங்களே மாடல் கட்ட வேண்டாம். 2017-இல் வந்த அகோரா தொகுப்பில் 773 குடல் பாக்டீரியாக்களின் மாடல்கள் இருந்தன. 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 7,302. மைகாம் என்ற மென்பொருள் இவற்றைச் சமூகமாகச் சேர்த்து ஓட்டும். உங்கள் ஸ்ட்ரெய்ன் விடும் லாக்டேட்டையும் அசிடேட்டையும் எடுத்து யார் பியூட்டிரேட் ஆக்குவார்கள் என்பது போன்ற கேள்விகளுக்கு இது நல்ல இடம். விடையை யூகமாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிவாக அல்ல.

இனி குடியேற்றம். இதில் ஜீனோம் ஒப்பீடு சாதித்த அழகான காரியம் ஒன்று உண்டு. ராம்னோசஸ் ஜிஜி 1983-இல் ஆரோக்கியமான ஒருவரின் குடலிலிருந்து பிரிக்கப்பட்டது. அதே இனத்தின் எல்சி705 பால்பொருள் தொழிலில் பயன்படுவது. இருவகையையும் மனிதர்களுக்குக் கொடுத்தபோது ஜிஜி அதிக நாள் தங்கியது. 2009-இல் இரண்டு ஜீனோமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜிஜியில் மட்டும் இருந்த ஒரு துண்டில், பிலஸ் எனப்படும் ரோமம் போன்ற நீட்சியைக் கட்டும் மூன்று புரதங்களின் மரபணுக்கள் இருந்தன. அதில் ஸ்பாசி என்ற புரதம்தான் சளியில் ஒட்டுகிறது. நெருங்கிய இரண்டு ஸ்ட்ரெய்ன்கள், நடத்தையில் தெளிவான வேறுபாடு, பிறகு ஜீனோம்: இந்த வரிசையில் போனதால்தான் விடை கிடைத்தது. ஒரே ஒரு ஜீனோமை எடுத்து “ஒட்டும் மரபணுக்கள் 14 உள்ளன” என்று எண்ணிக்கொண்டிருந்தால் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒட்டுவதும் குடியேறுவதும் ஒன்றல்ல. ஜிஜியும் கொடுப்பதை நிறுத்தினால் பெரும்பாலானவர்களிடம் மெல்ல மறைந்துவிடும். 2016-இல் வெளியான ஆய்வில் பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் ஏஎச்1206 ஸ்ட்ரெய்னைக் கொடுத்தபோது, சுமார் 30 சதவீதம் பேரிடம் அது ஆறு மாதமாவது தங்கியது, மற்றவர்களிடம் தங்கவில்லை. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே ஜீனோம்தான். வித்தியாசம் கொடுப்பதற்கு முந்தைய மலத்தின் மெட்டாஜீனோமில் (அங்குள்ள எல்லா நுண்ணுயிரிகளின் மொத்த டிஎன்ஏ) இருந்தது: தங்கியவர்களிடம் முன்பே லாங்கம் குறைவு, சில சர்க்கரைகளைத் தின்னும் மரபணுக்களும் குறைவு. அதாவது சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் இன்ஃபான்டிஸ், கொடுப்பதை நிறுத்திய பிறகும் தங்குவதற்கும் இதே தர்க்கம்தான். மற்றவை தொட முடியாத சர்க்கரை தினமும் வருகிறது. 2018-இல் எலிகளில் இதைத் திட்டமிட்டே செய்து காட்டினார்கள். கடற்பாசியின் போர்ஃபிரான் என்ற சர்க்கரையைத் தின்னத் தெரிந்த ஒரு பாக்டீராய்டஸையும் அந்தச் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தால், பாக்டீரியா தங்கிவிடுகிறது.

ஆகவே உங்கள் ஸ்ட்ரெய்னின் சர்க்கரை மரபணுப் பட்டியலைத் தனியாக ரசிக்காமல், பொதுவில் கிடைக்கும் மனிதக் குடல் மெட்டாஜீனோம்களில் அந்தத் திறன்கள் எவ்வளவு பரவலாக ஏற்கெனவே இருக்கின்றன என்று தேடுங்கள். உங்களுடையதில் உள்ள, மற்றவர்களிடம் அரிதான திறன் எது? குடியேற்றம் பற்றிக் கணினி சொல்லக்கூடிய மிக நேர்மையான விஷயம் அதுதான்.

தங்கியதா என்று கண்டுபிடிப்பதும் லேசில்லை. ஒரு கணக்கு போடலாம். தினமும் கொடுப்பது 1,000 கோடி செல்கள் என்று வையுங்கள். 2016-இன் மதிப்பீட்டின்படி உடலில் உள்ள பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. ஆக உங்களுடையது 3,800-இல் ஒன்று. 150 பேஸ் நீளத்தில் இரண்டு கோடி ஜோடி ரீடுகள் (படித்த டிஎன்ஏ துண்டுகள்) எடுத்தால் மொத்தம் 600 கோடி பேஸ். உங்கள் பங்கு 16 லட்சம். ஜீனோம் 30 லட்சம் பேஸ் என்றால் பாதி ஜீனோமுக்கு ஒரு தடவைகூட ரீடு விழாது. இதை வைத்து “இது என் ஸ்ட்ரெய்ன்தான், அவருடைய சொந்த ராம்னோசஸ் அல்ல” என்று, ஸ்ட்ரெய்ன்களைப் பிரித்தறியும் இன்ஸ்ட்ரெய்ன் மென்பொருளில் நிரூபிக்கப் பார்ப்பது வீண். சில ஸ்ட்ரெய்ன்களில் இன்னும் மோசம்: பிஃபிடோபாக்டீரியம் அனிமலிஸ் லாக்டிஸின் டிஎஸ்எம் 10140-க்கும் பிஎல்-04-க்கும் முழு ஜீனோமில் வெறும் 47 ஒற்றை எழுத்து வேறுபாடுகள்தான் கண்டார்கள். அதனால் உங்கள் ஸ்ட்ரெய்னில் மட்டும் உள்ள ஒரு மரபணுவை ஒப்பீட்டில் கண்டுபிடித்து, அதை மட்டும் பிடிக்கும் பிரைமர் (குட்டி டிஎன்ஏ துண்டு) வடிவமைத்து, அந்த மரபணுவைப் பெருக்கி அளக்கும் க்யூபிசிஆரில் எண்ணுங்கள். மலிவு, உணர்திறனும் அதிகம்.

எண்ணிக்கை தெரிந்தாலும் அது வாழ்கிறதா, வழிப்போக்கனா என்று தெரியாது. இதற்கு 2015-இல் ஒரு சாமர்த்தியமான யோசனை வந்தது. பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவில் டிஎன்ஏ நகலெடுப்பு தொடங்கும் இடத்தின் பிரதிகள், முடியும் இடத்தைவிட அதிகமாக இருக்கும். ரீடுகளை ஜீனோமில் பொருத்தி அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டால் பெருகுகிறதா என்று தெரியும்; விகிதம் ஒன்றை ஒட்டியிருந்தால் சும்மா கடந்து போகிறது என்று சந்தேகிக்கலாம். இதற்கும் ரீடு ஆழம் வேண்டும் என்பதுதான் இடறல். மலம் மட்டும் போதாது என்பதையும் மறக்க வேண்டாம். 11 ஸ்ட்ரெய்ன்கள் கொண்ட புரோபயாடிக்கைக் கொடுத்து எண்டோஸ்கோபியில் மாதிரி எடுத்த 2018 ஆய்வில், மலத்தில் தெரிந்ததும் குடற்சுவரில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சுவரில் ஒட்டவிட்டவர்களும் இருந்தார்கள், ஒட்டவிடாதவர்களும் இருந்தார்கள்.

பாதுகாப்புப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோரும் அதை எப்படியும் செய்துவிடுகிறார்கள். ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு இருந்தால், அது வேறு பாக்டீரியாவுக்கு இடம் மாறக்கூடிய பிளாஸ்மிடில் (தனி டிஎன்ஏ வளையம்) இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ராய்ட்டரி இனத்தின் ஒரு வணிக ஸ்ட்ரெய்னில் அப்படி இரண்டு பிளாஸ்மிடுகள் இருந்ததால், அவற்றை நீக்கிவிட்டுத்தான் டிஎஸ்எம் 17938 என்ற வாரிசை உருவாக்கினார்கள். வேதிப்பொருட்களைத் தயாரிக்கும் மரபணுக் கொத்துகளைத் தேடும் ஆன்டிஸ்மாஷையும் ஓட்டிப் பாருங்கள். நூறாண்டுப் பழமையான புரோபயாடிக்கான ஈ.கோலை நிஸ்ல் 1917-இலேயே டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் கோலிபாக்டினைத் தயாரிக்கும் மரபணுக் கொத்து இருக்கிறது.

மனிதர்களிடமோ எலிகளிடமோ கொடுத்துப் பார்க்கும் கட்டம் வரப்போகிறது என்றால், இப்போதே இரண்டு வேலை செய்து வையுங்கள். முதல் டோஸுக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று மாதிரிகள் எடுத்து உறைய வையுங்கள். தங்கியதற்கும் தங்காததற்கும் காரணம் இருந்தால் அது அங்கேதான் இருக்கும், பிறகு போய் எடுக்க முடியாது. அடுத்து, கொடுக்கப் போகிற பொடியிலிருந்தே பாக்டீரியாவை வளர்த்து மறுபடி சீக்வென்ஸ் செய்யுங்கள். ஜிஜியின் பிலஸ் மரபணுக்களுக்கு அக்கம்பக்கத்தில் தாவும் துண்டுகள் உண்டு. சந்தைப் பொருட்களிலிருந்து பிரித்தெடுத்த சில ஜிஜிகளில் அந்தப் பகுதியே கழன்று போயிருந்தது 2013-இல் தெரியவந்தது. உங்கள் ஃப்ரீசரில் இருக்கும் ஜீனோமும் கேப்சூலில் இருக்கும் ஜீனோமும் ஒன்றுதானா என்று பார்க்காமல் முதல் டோஸைக் கொடுக்காதீர்கள்.